யன்னல் பூட்டித்தான் கிடக்கு, குளிர்காத்து எங்கால வருது?

ஸ்காபறோ_பங்களோ எழுதியது:

வணக்கம். வீடு கனடாவில, ரொறன்ரோ ஸ்காபறோவில, 1970களில கட்டின செங்கல் பங்களோ (மேல்மாடி இல்லாத வீடு). யன்னல் மூண்டு வகை.

வரவேற்பறையில பழைய அலுமினியச் சறுக்கு யன்னல். உள்ளுக்கு ஒரு சோடி கண்ணாடிச் சட்டம், வெளியில இன்னொரு சோடி. 6 அடி அகலம், 4 அடி உயரம். படுக்கையறை இரண்டிலும் கைபிடியைச் சுத்தித் திறக்கிற வைனில் யன்னல், அது பிறகு மாத்தினது. பேஸ்மென்ரில (நிலக்கீழ்த் தளத்தில) சின்னச் சறுக்கு யன்னல் இரண்டு.

இப்ப வெளியில மைனஸ் 12. வரவேற்பறையில யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் கழுத்தில குளிர் இறங்குது. கண்ணாடி ஓரம் முழுக்க சிலிக்கோன் அடிச்சாச்சு, ஒரு வித்தியாசமும் இல்லை. காலமையில வெளிக் கண்ணாடியின்ர உட்பக்கம் ஐஸ் பிடிச்சிருக்கு. பிளாஸ்ரிக் பிலிம் ஒட்டினால் காணுமோ, போம் (விரிஞ்சு இறுகிற நுரை) அடிக்க வேணுமோ, இல்லாட்டி யன்னலையே மாத்திறதுதான் வழியோ?

உளியும்சுத்தியலும் எழுதியது:

சாமான் வாங்க முதல் காத்து எந்த இடத்தால வருது எண்டு பிடியுங்கோ. கண்ணாடி ஓரத்தில சிலிக்கோன் அடிச்சு மாற்றம் தெரியாததில அதிசயம் இல்லை. கண்ணாடி சட்டத்துக்குள்ள இருக்கிற இடத்தால காத்து வாறது குறைவு. இரண்டு சட்டமும் ஒண்டையொண்டு தாண்டுற நடுக்கோடு, சட்டம் ஓடுற தண்டவாளம், யன்னல் நிலைக்கும் சுவருக்கும் இடையில ட்ரிம் பலகைக்கு (யன்னலைச் சுத்தி அடிச்ச ஓரப் பலகை) பின்னால இருக்கிற வெற்றிடம், இந்த மூண்டாலயும்தான் பெரும்பாலும் வரும். மூண்டாவதைத்தான் ஆக்கள் தேடுறேல்லை, கண்ணுக்குத் தெரியாதபடியால்.

இன்னொண்டும் இருக்கு. ஒரு துளி வெளிக்காத்தும் நுழையாமலே குளிர்காத்து அடிக்கும். அறைக் காத்து குளிர்ந்த கண்ணாடியில பட்டுப் பாரமாகி, கண்ணாடி வழியா வழிஞ்சு இறங்கி உங்கட கழுத்துக்கு வரும். அதுக்கு எத்தினை ரியூப் கோக்கிங் (வெடிப்பு அடைக்கிற பசை) அடிச்சாலும் பிரயோசனம் இல்லை.

இரண்டையும் பிரிச்சுப் பார்க்கச் சாமி அறையில இருக்கிற சந்தனக்குச்சி போதும். காத்து அடிக்கிற ஒரு நாள் பாருங்கோ. கதவு, யன்னல் எல்லாம் பூட்டி, தெர்மோஸ்ராட்டைக் குறைச்சு பேர்னஸை (வீட்டைச் சூடாக்கிற இயந்திரத்தை) நிப்பாட்டுங்கோ. அது ஊதிக்கொண்டிருந்தால் புகை எல்லாப் பக்கமும் ஆடும். குசினி ஹூட், குளியலறை விசிறி, உடுப்புக் காயவைக்கிற ட்ரையர் எல்லாத்தையும் போடுங்கோ. இதெல்லாம் வீட்டுக் காத்தை வெளியில தள்ள, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காத்து ஓட்டையளால இழுபட்டு வரும். குச்சியை ஓரத்திலயிருந்து ஒரு அங்குலம் தள்ளிப் பிடிச்சு மெல்ல மெல்ல நகர்த்துங்கோ. புகை அறைப்பக்கம் சீறினால் ஓட்டை. அதில ஒரு துண்டு மாஸ்கிங் ரேப் ஒட்டி அடையாளம் வையுங்கோ. புகை கண்ணாடியை ஒட்டி நேர கீழ இறங்கினால் அது கண்ணாடிக் குளிர்.

ஒரு எச்சரிக்கை. உங்கட சுடுதண்ணித் தாங்கி காஸில எரிஞ்சு, விசிறி இல்லாத புகைக்குழாயால விடுற பழைய வகையாய் இருந்தால், சோதனைக்கு முதல் அதைப் பைலட்டுக்கு (சின்னச் சுடர் மட்டும் எரியிற நிலைக்கு) திருப்பி வையுங்கோ. வீட்டுக்குள்ள அழுத்தம் குறையேக்க புகை வெளியில போகாமல் உள்ளுக்குத் திரும்பும். கார்பன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்யுதோ எண்டும் பாருங்கோ. பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில முடிச்சு, விசிறியளை நிப்பாட்டின பிறகு தாங்கியைத் திரும்பப் போடலாம்.

கண்ணாடிக்காரன் எழுதியது:

ஐஸைப் பற்றி நீங்கள் சொன்னதிலயே பாதி விடை இருக்கு. வெளிக் கண்ணாடியின்ர உட்பக்கம் ஐஸ் எண்டால், உள்ச் சோடியால வீட்டு ஈரக்காத்து கசிஞ்சு நடுவில போய், குளிர்ந்த வெளிக் கண்ணாடியில உறையுது. அப்ப உள்ச் சோடிதான் இறுக்கமில்லை.

இந்த இரட்டைச் சறுக்கு யன்னலுக்கு ஒரு விதி: உள் அடுக்கு இறுக்கமாயும் வெளி அடுக்கு அதைவிடக் கொஞ்சம் தளர்வாயும் இருக்க வேணும். நடுவில போன ஈரம் வெளியால போக வழி வேணும். தலைகீழாய்ச் செய்தால் ஐஸ் கூடும், வசந்தத்தில அது உருகி மர நிலையை ஊறப்பண்ணும். ஆனபடியால் வெளிச் சோடியை இப்ப தொடாதையுங்கோ.

உள்ச் சட்டங்களின்ர ஓரத்தில பிரஷ் மாதிரி மயிர்ப்பட்டி ஒண்டு போகும். இவ்வளவு வயசான யன்னலில அது தேய்ஞ்சு படுத்திருக்கும். அதை மாத்திறது கஷ்டமான வேலையில்லை. சட்டத்தை மேல தூக்கி, அடியை உங்கட பக்கம் இழுத்தால் கழண்டு வரும். பழைய பட்டியைக் குறடால பிடிச்சுக் காடியால (அது செருகியிருக்கிற பள்ளத்தால) உருவுங்கோ. அதில இரண்டு அங்குலத் துண்டு ஒண்டை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோறது நல்லது, ஏனெண்டால் இரண்டு அளவு பொருந்த வேணும்: காடிக்குள்ள போற அடியின்ர அகலம், மயிரின்ர உயரம். அடி அகலம் பெரும்பாலும் 3/16 அங்குலம்; அதைவிட அகலமானதும் இருக்கு. உயரம்தான் ஆக்கள் பிழைவிடுற இடம். படுத்துப்போன பட்டியை அளந்து அதே உயரத்தில வாங்கினால் புதுசும் முட்டாது. காடியின்ர வாயிலயிருந்து எதிர்ச் சட்டம் வரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதுக்கு மேல ஒண்டு ஒண்டரை மில்லிமீற்றர் கூட்டுங்கோ. அதுக்கும் மேல போனால் சட்டம் நகராது.

நடுவில மெல்லிய பிளாஸ்ரிக் தகடு வைச்ச மயிர்ப்பட்டி கிடைச்சால் அதையே எடுங்கோ. வெறும் மயிர் காத்தை மெதுவாக்கும், தகடுதான் மறிக்கும். நீளக் கணக்கு: ஒரு சட்டம் 3 அடிக்கு 4 அடி, சுத்தளவு 14 அடி, இரண்டுக்கும் 28. நாலு பக்கமும் பட்டி இருக்கிற யன்னலுக்கு 30 அடி காணும். காடியைப் பழைய பல்தூரிகையால துப்புரவாக்கி, பட்டியை இழுக்காமல் தள்ளிக்கொண்டு போங்கோ. இழுத்துப் போட்டால் பிறகு சுருங்கி மூலையில அரை அங்குலம் வெளிக்கும். முனையில ஒரு சொட்டுப் பசை விட்டால் அது நகராது. தண்டவாளத்தை வாக்குவம் பிடிச்சு, ஈரத்துணியால துடைச்சு, சிலிக்கோன் ஸ்பிரே மெல்லிசாய் அடியுங்கோ. எண்ணெய், கிரீஸ் வேண்டாம், தூசியைப் பிடிச்சு களிமண்ணாக்கும்.

ஸ்காபறோ_பங்களோ எழுதியது:

நன்றி அண்ணைமார். குச்சி பிடிச்சுப் பார்த்தாச்சு.

வரவேற்பறை: நடுக்கோட்டிலயும் கீழ்த் தண்டவாளத்திலயும் புகை உள்ள வருது. அதைவிடப் பலமாய், யன்னல் அடிப்பலகைக்குக் கீழ, ட்ரிம் சுவரைத் தொடுற இடத்தில சீறுது. படுக்கையறை ஒண்டில பூட்டுப் பக்கக் கீழ்மூலையில மட்டும். மற்ற அறையில நேர கீழ இறங்குது, அப்ப அது கண்ணாடிக் குளிர்தான்.

இன்னொரு கேள்வி. வரவேற்பறை யன்னலின்ர வெளிப்பக்கம், தண்டவாளத்துக்குக் கீழ இரண்டு சின்ன ஓட்டை கிடக்கு. அதாலயும் காத்து வாற மாதிரி இருக்கு. அதையும் சேர்த்து வெளியால சுத்திவரச் சிலிக்கோன் அடிச்சு மூடிவிடலாமோ?

கண்ணாடிக்காரன் எழுதியது:

அந்த ஓட்டையை மூடாதையுங்கோ! தண்டவாளத்துக்குள்ள விழுற மழைத்தண்ணியும் உருகுற ஐஸும் வெளியில போற வழி அதுதான். மூடினால் தண்ணி தண்டவாளத்தில நிண்டு, மூலைப் பொருத்தால உள்ளுக்கு இறங்கி, அடிப்பலகையையும் அதுக்குக் கீழ இருக்கிற மரத்தையும் உக்கப்பண்ணும். சில யன்னலில ஓட்டைக்கு முன்னால சின்னப் பிளாஸ்ரிக் மூடி தொங்கும்: தண்ணி வந்தால் திறக்கும், காத்து அடிச்சால் பூட்டிக்கொள்ளும். உங்களதில அது உடைஞ்சு விழுந்திருந்தால் அந்த மூடியை மட்டும் வாங்கிப் போடலாம். ஓட்டையை ஒரு கம்பியால குத்தித் துப்புரவாக்கி, தண்டவாளத்தில அரைக் கோப்பை தண்ணி விட்டு வெளியில வடியுதோ எண்டு பாருங்கோ, ஆனால் மைனஸ் 12 இல இல்லை.

செங்கல் சுவரின்ர அடி வரிசையில, இரண்டு கல்லுக்கு நடுவில சாந்து இல்லாமல் விட்ட வெளிகளுக்கும் யன்னலுக்கு மேல அப்பிடி விட்ட வெளிகளுக்கும் இதே கதைதான். கட்டினவன் மறந்து விட்டதில்லை.

உளியும்சுத்தியலும் எழுதியது:

அடிப்பலகைக்குக் கீழ சீறுறது நான் சொன்ன மூண்டாவது இடம். நிலைக்கும் சுவர் மரத்துக்கும் இடையில அரை அங்குலம் தொடங்கி ஒரு அங்குலம் வரைக்கும் வெளி விட்டுத்தான் யன்னல் பொருத்துறது. அந்தக் காலத்தில அதுக்குள்ள கண்ணாடிப் பஞ்சு அடைஞ்சு விடுவினம், இல்லாட்டி ஒண்டும் வைக்காமலே ட்ரிம் அடிச்சு மறைப்பினம். பஞ்சு சூட்டைக் கொஞ்சம் மறிக்கும், காத்தை மறிக்காது. ட்ரிம்மைக் கழட்டேக்க பஞ்சு கறுப்பாய் இருந்தால் அது பெரும்பாலும் அழுகலில்லை, இத்தனை வருசமாய்க் காத்து அதால ஓடேக்க வடிகட்டின தூசி.

இப்பவே செய்யக்கூடிய சின்ன வேலை ஒண்டிருக்கு. ட்ரிம் சுவரைத் தொடுற கோட்டிலயும் நிலையைத் தொடுற கோட்டிலயும், அடிப்பலகைக்குக் கீழயும் பெயின்ற் அடிக்கக்கூடிய அக்ரிலிக் லேட்டெக்ஸ் கோக்கிங் அடியுங்கோ. சிலிக்கோன் வேண்டாம், அதில பெயின்ற் பிடிக்காது. மூலையில 45 பாகையில இரண்டு பலகை சேருற வெடிப்பை விட்டால், மற்ற இடமெல்லாம் மூடினதால அதாலதான் இன்னும் பலமாய் வரும். 300 மில்லிலீற்றர் ரியூப் ஒண்டை 6 மி.மீ. தடிப்பில இழுத்தால் ஏறக்குறைய 8 மீற்றர், அதாவது 26 அடி வரும். உங்கட பெரிய யன்னலுக்கு ஒரு சுத்து 20 அடி. இரண்டு கோடும் அடிக்க இரண்டு ரியூப் வாங்குங்கோ. மூக்கை 45 பாகை சரிவில சின்னதாய் வெட்டுங்கோ. எல்லாரும் பெரிசாய் வெட்டித்தான் அப்பிக்கொள்ளுறது.

சரியான வேலை எண்டால் ட்ரிம்மைக் கழட்டிப் போம் அடிக்கிறது. அதுக்கு ஒரு மிதமான நாளைப் பாருங்கோ, அந்த வெளிக்குள்ள இருக்கிற மரமும் உலோகமும் உறைஞ்சிருந்தால் போம் சரியாய்ப் பிடிக்காது.

1. ட்ரிம்மும் சுவரும் சேருற பெயின்ற் கோட்டைக் கூரான கத்தியால வெட்டுங்கோ. வெட்டாமல் நெம்பினால் சுவரின்ர தாள் உரிஞ்சு வரும்.
2. அகலமான புட்டிக் கத்தியைச் சுவரில வைச்சு, அதுக்கு மேல தட்டைக் கடப்பாரையைப் போட்டு நெம்புங்கோ. ஆணி பலகையோட வந்தால் முன்னால தட்டாதையுங்கோ, பின்பக்கத்தால குறடு போட்டு இழுங்கோ. முகப்பு உடையாது.
3. பஞ்சை எடுத்து, தூசி தட்டி, ஸ்பிரே போத்தலால லேசாய் ஈரமாக்குங்கோ. போம் இறுகிறதுக்கு ஈரம் வேணும்.
4. யன்னலுக்கும் கதவுக்கும் எண்டு போட்டிருக்கிற, குறைவாய் விரியிற போம் மட்டும். மற்றது விரியிற விசையில நிலை உள்ளுக்கு வளையும், பிறகு சறுக்குச் சட்டம் நகராது. வெற்றிடத்தில மூண்டிலொரு பங்கு நிரப்பி நிப்பாட்டுங்கோ, மிச்சத்தை அது தானே நிரப்பும். முழு ஆழமும் வேண்டாம், அறைப்பக்கத்தில இடைவெளி இல்லாமல் ஓடுற ஒரு கோடு காணும்.
5. கையுறை கட்டாயம். ஈரமாய் இருக்கேக்க அசிற்றோனால துடைக்கலாம், காய்ஞ்சால் சுரண்டத்தான் வேணும். தண்ணி ஊத்திக் கழுவப் பார்த்தால் இன்னும் கெதியாய் இறுகும்.
6. அடுத்த நாள் மீந்ததை வெட்டி, ட்ரிம்மைத் திரும்ப அடியுங்கோ.

யன்னல் மாத்திறதைப் பற்றிக் கேட்டனீங்கள். பழைய மர நிலையை விட்டுட்டு அதுக்குள்ள புது யன்னலைச் சொருகிற முறைதான் விலை குறைவு. அப்பிடிச் செய்தால் உங்கட அடிப்பலகைக்குக் கீழ சீறுற காத்து அப்பிடியே இருக்கும், ஏனெண்டால் அந்த வெற்றிடத்தை ஆரும் திறக்கேல்லை. மாத்திறதெண்டால் நிலையோட முழுசாய்க் கழட்டிச் சுத்திவரப் போம் அடிக்கிறதெண்டு விலைப்பத்திரத்தில எழுதச் சொல்லுங்கோ.

மிசிசாகா_மாடிவீடு எழுதியது:

படுக்கையறை ஜன்னல் பத்தி நான் சொல்றேன். (நம்ம ஊர்த் தமிழ் வேற, பொறுத்துக்குங்க.)

கைபிடி சுத்துற ஜன்னலில் பூட்டுப் பக்கக் கீழ்மூலையில் மட்டும் காத்து வருதுன்னா இரண்டு விஷயம் பாருங்க. முதலில் பூட்டு. கைபிடியைச் சுத்தினா மட்டும் ஜன்னல் இறுகாது. பக்கத்தில் இருக்கிற நெம்புகோலை மடக்கினாத்தான் சட்டம் ரப்பர்மேல் அழுந்தும். நெம்புகோல் ரொம்ப லேசா மடங்குதா? அப்ப கொக்கி சட்டத்தைப் பிடிக்காம வெளியிலேயே போயிருக்கு. சட்டம் சாய்ஞ்சிருந்தா அப்படித்தான் ஆகும். வெளியிலிருந்து ஒருத்தர் மூலையை அழுத்திப் பிடிக்க, உள்ளே இருந்து பூட்டிப் பாருங்க. அதில் காத்து நின்னுட்டா கீல் திருகையும் பூட்டு பிடிக்கிற தகட்டையும் சரி பண்ணினாப் போதும்.

இரண்டாவது ரப்பர் பட்டி. சட்டத்துக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு தாளை வச்சுப் பூட்டி இழுங்க. இறுக்கமா வரணும். ரூபாய் நோட்டு வச்சுப் பார்க்கிற பழைய உத்தி கனடாவில் இப்ப செல்லாது, பிளாஸ்டிக் நோட்டு வழுக்கிக்கிட்டு வந்துடும். கடை விளம்பரத் தாளே போதும். ஒவ்வொரு அரை அடிக்கும் ஒரு தடவை பாருங்க. மூலையில் ரப்பர் கிழிஞ்சோ சுருங்கியோ இருக்கலாம். அந்தப் பட்டி காடியில் செருகினதுதான், உருவிட்டு அதே வடிவத்தில் புதுசு போடலாம். அதுக்குப் பதிலா ஒட்டுற ஸ்பாஞ்ச் டேப்பைத் தடியா ஒட்டிடாதீங்க. பூட்ட முடியாம கைபிடியைப் பலமா சுத்திச் சுத்தி, கடைசியில் கைபிடியோட பல் சக்கரம் உடையும். அது டேப்பைவிட ரொம்ப விலை.

இந்த வகை ஜன்னலில் கொசுவலை உள்பக்கம் இருக்கும். குளிர்காலம் முழுக்க அதைக் கழட்டி வச்சுடுங்க. வலை இருந்தா அறைச் சூடு கண்ணாடிக்குப் போய்ச் சேராது, கண்ணாடி இன்னும் குளிர்ந்து தண்ணி கோர்க்கும். தடிச்ச திரைச்சீலைக்கும் அதேதான்: குளிரை மறைக்கும், ஆனா கண்ணாடியை இன்னும் குளிர வைக்கும். பகலில் திறந்து விடுங்க. ஜன்னலுக்குக் கீழ் சூடுகாத்து வர்ற துளை இருந்து, திரை அதுக்கு முன்னால் தொங்கினா, சூடெல்லாம் திரைக்குப் பின்னாலேயே போயிடும். காத்தை அறைப்பக்கம் திருப்புற பிளாஸ்டிக் மூடி ஒண்ணு காந்தத்தோட கிடைக்கும், அதை வைங்க.

வீட்டு ஈரப்பதத்தையும் ஒரு சின்ன மீட்டர் வச்சுப் பாருங்க. இந்தக் குளிருக்கு 30 முதல் 35 சதவீதம் போதும். 45ல் வச்சுக்கிட்டு கண்ணாடியில் தண்ணி வருதுன்னு ஜன்னலைக் குறை சொல்ல முடியாது. சோறு வடிக்கும்போது ஹூட் ஓடணும்.

வடக்குப்பனி எழுதியது:

கண்ணாடிக் குளிர் எண்டு பிடிபட்ட அறைக்குத்தான் பிளாஸ்ரிக் பிலிம் சரியான மருந்து. கண்ணாடிக்கும் பிலிமுக்கும் நடுவில காத்து அசையாமல் நிக்கும், அறைப்பக்கம் குளிர் தெரியாது.

பிலிம் கழண்டு விழுந்திட்டுது எண்டு சொல்லுறவையில கனபேர் ட்ரிம்மைத் துடைக்காமல் ஒட்டினவை. சோப்புத்தண்ணி காணாது, கடைசியில ரப்பிங் அல்கஹோலால துடைச்சுக் காயவிடுங்கோ. பலகை கையில குளிருற அளவில இருந்தால் தலைமயிர் காயவைக்கிற ட்ரையரால கொஞ்சம் சூடாக்கிப்போட்டு இரட்டைப் பக்க ரேப்பை ஒட்டி, விரலால அழுத்தித் தேய்ச்சு, கால் மணித்தியாலமாவது விட்டிட்டுத்தான் பிலிம். ரேப்பை ட்ரிம்மில ஒட்டுங்கோ, சுவர்ப் பெயின்ற்றில வேண்டாம். பிலிமை ரேப்பின்ர வெளி அளவுக்கு மேல ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம் கூட்டி வெட்டி, மேல் விளிம்பில தொடங்கி, பிறகு பக்கம், கடைசியாய்க் கீழ். சுருக்கம் இருந்தால் பரவாயில்லை, சூடு அதை எடுக்கும். இழுத்து இறுக்கி ஒட்டினால்தான் பிழை, சுருங்கேக்க ரேப்பைப் பிடுங்கும். ட்ரையரைத் தொடாமல் இரண்டு அங்குலம் தள்ளிப் பிடிச்சு, மூலையில தொடங்கி நடுவுக்கு வாங்கோ. ஒரே இடத்தில நிண்டால் பிலிம் ஓட்டையாகும்.

வரவேற்பறைக்கும் ஒட்டலாம், ஆனால் உளியும்சுத்தியலும் சொன்ன ட்ரிம் கோடுகளை அடைச்ச பிறகு. இல்லாட்டி அடிப்பலகைக்குக் கீழ வாற காத்து பிலிமுக்கு வெளியாலதான் வரும். பிலிம் பலூன் மாதிரி அறைப்பக்கம் ஊதினால் சட்டத்தால இன்னும் காத்து வருது எண்டு அர்த்தம். மயிர்ப்பட்டி வாங்கி வருமட்டும் நடுக்கோட்டில கயிறு மாதிரிச் சுருளாய் விக்கிற கோக்கிங்கை விரலால அழுத்தி விடுங்கோ. களிமண் மாதிரித்தான், வசந்தத்தில உரிச்சு எறியலாம்.

கூரைக்கு ஏறுற மூடியையும் மறக்காதையுங்கோ. சூடான காத்து அதால மேல போகப் போக, அந்தளவு குளிர்காத்து கீழ யன்னலால இழுபடும். மூடி இருக்கிற விளிம்பில சுத்திவர ஸ்பொஞ்ச் ரேப் ஒட்டி, மூடி பாரமில்லாட்டி இரண்டு கொளுக்கி போட்டு இறுக்குங்கோ.

ஸ்காபறோ_பங்களோ எழுதியது:

பேஸ்மென்ரில ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கினம். அங்கயும் பிலிம் ஒட்டிக் குடுக்கலாமோ?

உளியும்சுத்தியலும் எழுதியது:

அந்த யன்னல் படுக்கையறையில இருந்து, நெருப்பு வந்தால் ஏறிப் போற வழியாய் இருந்தால், பிலிமும் வேண்டாம், கயிற்றுக் கோக்கிங்கும் வேண்டாம். கருவி ஒண்டும் இல்லாமல் இருட்டில திறக்கக்கூடியதாய் இருக்க வேணும். மயிர்ப்பட்டியை மாத்துங்கோ, ட்ரிம்மைச் சுத்தி அடையுங்கோ, அது காணும். வெளியில யன்னல் குழிக்குப் பிளாஸ்ரிக் மூடி போட்டால் காத்தும் பனியும் குறையும், ஆனால் உள்ளுக்கிருந்து ஒரு கையால தள்ளினால் கழண்டு போற மாதிரி இருக்க வேணும். திருகாணி போட்டு இறுக்காதையுங்கோ. யன்னலை அடைச்ச பிறகும் அவைக்குக் குளிர் எண்டால் பேர்னஸ் பக்கத்தைப் பாருங்கோ. ரொறன்ரோவில குளிர்கால மாதங்களில 21 பாகை சூடு குடுக்கிறது வீட்டுக்காரரின்ர பொறுப்பு.

வடக்குப்பனி எழுதியது:

பிலிமைப் பற்றி ஒண்டு விட்டிட்டன். ஏப்ரலில உரிக்கேக்க பிய்ச்சு எடுக்காதையுங்கோ, ட்ரிம் பெயின்ற் தகடு தகடாய் வரும். ரேப்பை ட்ரையரால சூடாக்கி, பலகையை ஒட்டின மாதிரி மடிச்சு மெல்ல இழுங்கோ. மிச்சப் பசைக்கு அதே ரப்பிங் அல்கஹோல்.